முப்பத்தோராம் நாளின் ரேடியோ

அன்று காலை ஆறு மணி பத்து நிமிடம். ஹைஃபாவில் விடியும்முன் பெய்த மழை ஓய்ந்து, கடலிலிருந்து மேலேறி வந்த காற்று மட்டும் சன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. வெளியே ஒன்பது டிகிரி. இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? எழுதி வைத்திருக்கிறேன். இஸ்ரேலில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. இரத்த அழுத்தம், மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவிடுவேன். வானிலையை யாரும் குறிக்கச் சொல்லவில்லை. தாவரவியல் படித்துப் பதினோரு வருடம் பள்ளியில் கற்பித்தவள். அந்தப் பழக்கம் விடவில்லை.

என் கைப்பையிலிருந்து உருண்ட கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சாமிக் கல்லாம்மா?" என்று கேட்டீர்கள். இல்லை, சாதாரணக் கல்தான். ஆனால் அதைப் பற்றிச் சொல்வதானால் அந்த ஆறு மணி பத்து நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பஸ் நாசரேத் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள்; நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இஸ்ரேலிலும் ஒரு நாசரேத் உண்டு; அதனால் என் ஊர் நாசரேத் என்று அங்கே சொன்னால் சிரிப்பார்கள். "நாசரேத்தா? ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே, வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறாய்?" என்பார்கள். என் பெயர் ஹெப்சிபா என்றால் இன்னும் சிரிப்பு. திர்சா அம்மா முதல் நாளே கைகொட்டிச் சிரித்தார். "எங்கள் வேதத்துப் பெயர்! என் பாட்டியின் தலைமுறையோடு போய்விட்டது என்று நினைத்தேன். இந்தியாவில் ஒளித்து வைத்திருந்தீர்களா?" என்றார். அங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அம்மா என்றேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து நான் எந்த அறையிலிருந்து அம்மா என்றாலும், "இதோ" என்று குரல் கொடுப்பார்.

நான் போனது அவருக்காக அல்ல, அவருடைய கணவர் அவ்னருக்காக. படுத்த படுக்கையாக இருந்தார். அந்த வீட்டில் மரப்பெட்டி வைத்த பழைய ரேடியோ ஒன்று உண்டு. தினமும் காலை ஆறு மணிச் செய்தி முடிந்து, ஆறு பத்துக்கு ஒரு மணி நேரம் இசை போடுவார்கள். வயலின், பியானோ, அந்த வகை. திர்சா அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கணவருடைய பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன்மேல் விரலால் தாளம் தட்டுவார். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். திர்சா அம்மாவுக்கு அப்போதே காது மந்தம், அதனால் சத்தம் பெரிதாக இருக்கும். கீழ்வீட்டு மார்செல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், துடைப்பக் கட்டையால் அவருடைய கூரையை, அதாவது எங்கள் தரையை, இடிப்பார். மூன்று வருடம் என் காலை இப்படித்தான் விடிந்தது.

பிறகு, ஒரு ஜனவரியில், அவ்னர் இறந்தார்.

அவர்களுடைய முறைகள் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஏழு நாள் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. நிலைக்கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவார்கள். துக்கத்துக்கு உரியவர்கள் தாழ்ந்த இருக்கையில்தான் உட்கார வேண்டும். வந்தவர்கள் சோறு கொண்டுவர வேண்டும். புறப்படும்போது ஒவ்வொருவரும் துக்கப்படுகிறவரைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்: துக்கத்தில் இருப்போர் நடுவே கடவுள் உனக்கும் ஆறுதல் தரட்டும் என்று. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இசை கேட்கக் கூடாது என்பதையும் குறித்தேன். மகள் ஓர்னா பேர்ஷேபாவில் இருக்கிறாள், கணக்கு ஆசிரியை. அவள் தொலைபேசியில் யாரிடமோ, "இந்த வருடம் முழுக்க எனக்குப் பாட்டு கிடையாது, காரில்கூடப் போடுவதில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு வருடம் என்று எழுதி, அடிக்கோடு இட்டேன்.

இனி அந்த ஆறு பத்து. அவ்னரை அடக்கம் செய்து முப்பத்தோராம் நாள். நான் சமையலறையில் இருந்தேன். திடீரென்று ரேடியோ பாடியது. ஓடிப்போய்ப் பார்த்தால், திர்சா அம்மா தலை வாரி, நீலச் சட்டை போட்டு, பெட்டியின் முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் போய் ஒரு மாதம்தான் ஆகிறது! வயதானவர், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். போய் ரேடியோவை அணைத்தேன். மெதுவாகத்தான் அணைத்தேன்.

"என்ன?" என்றார்.

"இது துக்க காலம், அம்மா. பாட்டு வேண்டாம்."

"எத்தனை நாள்?"

"ஒரு வருடம்."

"ஒரு வருடமா?"

"ஆம். ஒரு வருடம்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, என் முழங்கையைத் தொட்டு, துக்கத்தில் இருப்போர் நடுவே கடவுள் உனக்கும் ஆறுதல் தரட்டும் என்று என்னிடம் சொன்னார். பாவம், ஒரு மாதமாக எல்லோரும் தன்னிடம் சொன்னதை இப்போது எதிரில் நிற்பவளிடம் திருப்பிச் சொல்கிறார். நோட்டில், 'சற்றுக் குழப்பம். கவனிக்க வேண்டும்' என்று எழுதினேன். அன்று மதியம் ரேடியோவைத் துடைத்து, பழைய விரிப்பில் சுற்றி, அலமாரியின் தலைமேல் ஏற்றிவிட்டேன்.

அதே நாள் காலை ஐந்து மணிக்கு என் தம்பி ஆசீர் போன் செய்திருந்தான். அது வேறு விஷயம், இதற்குச் சம்பந்தமில்லை. நாள் ஒன்றாக இருப்பதால் சொல்கிறேன். "எக்கா, அம்மா போயிட்டாக்கா. ராத்திரி தூக்கத்திலயே போயிட்டா" என்றான். "பிரீசர் பாக்ஸ் சொல்லியிருக்கேன், ரெண்டு நாள் வைக்கலாம். நீ வாரியா?" என்றான். வர முடியாது, எடுத்துவிடுங்கள் என்றேன். பாஸ்போர்ட்டெல்லாம் கையில்தான் இருந்தது. ஆனால் திர்சா அம்மாவைத் தனியே விட முடியுமா? ஓர்னாவிடம் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் அப்பாவைப் பறிகொடுத்து ஒரு மாதம். அவளிடம் போய் என் அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வது? யாருக்கும் தொந்தரவு கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மதியம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். சற்று அழுதேனோ என்னவோ. பிறகு எழுந்து மாத்திரை கொடுத்தேன். இரண்டு மணி மாத்திரை, தவறவில்லை.

அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பிரிட்ஜ் ஓடுவதும் நிற்பதும் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிப்போம். இரண்டு கரண்டிச் சத்தம். என் போன் மணியில் பாட்டு இருந்தது, அதை எடுத்துவிட்டேன். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மெட்டு வாசித்துக்கொண்டு வந்தால் சன்னலைச் சாத்திவிடுவேன். மார்செல் வீட்டு டிவி கேட்டால் கீழே போய்ச் சொல்வேன். ஒரு முறை அவரே மேலே வந்தார்.

"யாராவது இறந்துவிட்டார்களா?"

"அவ்னர் இறந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"அது தெரியும். அதற்குமேல் யாராவது? மூன்று வருடம் ஆறு பத்துக்கு எழுந்து உங்கள் தரையை இடித்தேன், உடம்பு நன்றாக இருந்தது. இப்போது ஒன்பது மணிவரை தூங்கிப் பன்றிபோல ஆகிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கன்னியர் மடம் நடத்துகிறீர்களா?"

திர்சா அம்மா உள்ளிருந்து, "போய் உன் தரையைத் துடை, மார்செல்" என்று மட்டும் சொன்னார்.

ரேடியோ இருந்த இடத்தை அவர் தினமும் துடைப்பார். ஒன்றும் இல்லாத மேசை. அதில் பெட்டியின் நான்கு கால் தடம் மட்டும். அதைத் துடைப்பார். ஒரு நாளும் ரேடியோ வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு அதில் ஒரு நிறைவு. அவருடைய நெறியை அவருக்காக நான் காக்கிறேன் என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் எனக்கு விடுப்பு. டெல் அவீவில் நம் ஆட்கள் கூடி ஜெபிப்பார்கள். முன்பெல்லாம் போவேன், நான் பாடகர் குழுவில் இருந்தவள். அந்த வருடம் போகவில்லை. அங்கே பாடுவார்கள். துக்க வீட்டிலிருந்து போய்ப் பாடுவது முறையில்லை அல்லவா? அறையில் உட்கார்ந்து நோட்டைச் சுத்தமாகப் படி எடுத்தேன்.

ஏப்ரலில் காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இரண்டு காதும் வேகமாகப் போகிறது என்றார். கருவி வைத்தால் எதிரில் இருப்பவர் பேச்சு கொஞ்சம் புரியும், ஆனால் இசை வேறு, அதைக் கருவியால் மீட்டுத் தர முடியாது என்றார். "அவருக்கு இசை பிடிக்குமா? அப்படியானால் இருக்கிறவரை நிறையக் கேட்கட்டும். அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். வாய் அசைவு தெரியும்படி எதிரில் நின்று திர்சா அம்மாவிடம் சொன்னேன். பிறகு, "ஆனால் ஆண்டு முடிய வேண்டுமே" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம். ஆண்டு முடியட்டும். அதுதான் முக்கியம்" என்றார்.

பாருங்கள், எவ்வளவு பக்தி என்று நினைத்தேன்.

நாள் போகப் போக அவருக்குக் கேட்பது குறைந்தது. ஜூனில் அழைப்புமணி கேட்கவில்லை. செப்டம்பரில் கெட்டில் விசில் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது என்னிடம். அலமாரியின் தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கும்போது நாமாக வளைக்கலாமா?

இந்த ஜனவரியில் அவ்னருக்கு ஆண்டு நிறைந்தது. ஓர்னா முந்தின மாலையே வந்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், மறுநாள் கல்லறைக்குப் போய்வந்தோம். அவர்கள் பூ வைப்பதில்லை. கல்லறைமேல் ஒரு சிறு கல் வைக்கிறார்கள். வந்து போனேன் என்பதற்கு அடையாளம். மாலை நான்கு மணிக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கிக் கடல் வெள்ளித்தாள்போல இருந்தது. ஓர்னா வரவேற்பறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரேடியோ எங்கே? ரிப்பேருக்குப் போயிருக்கிறதா?"

"இதோ எடுத்துவிடுகிறேன். ஆண்டு முடிந்துவிட்டதே" என்று நான் நாற்காலியை இழுத்தேன்.

"எந்த ஆண்டு?" என்றாள் ஓர்னா. "ஒரு வருடம் எனக்கு. அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் காப்பது ஒரு வருடம். கணவனுக்கு மனைவி காப்பது முப்பது நாள். முப்பதே நாள்! அம்மா, நீ ஒரு வருடமாகவா ரேடியோ கேட்கவில்லை? காது இப்படி இருக்கும்போது?"

நான் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். முப்பது நாள். என் நோட்டில் அது இல்லை. ஓர்னா சொன்னதைக் கேட்டேன், யாருக்கு என்று கேட்கவில்லை.

திர்சா அம்மா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரிப்புச் சுருளைத் தொட்டதும் கையை உயர்த்தினார்.

"இறங்கு, ஹெப்சிபா. இன்னும் முப்பது நாள் இருக்கிறது."

"யாருக்கு?" என்று ஓர்னா கத்தினாள். அவருக்குக் கேட்க வேண்டுமே.

"அவளுக்கு. அவள் அம்மாவுக்கு."

ஓர்னா என்னைப் பார்த்தாள். "உன் அம்மாவா? எப்போது?"

திர்சா அம்மாதான் சொன்னார், மெதுவாக, ஒவ்வொன்றாக. "முப்பதாம் நாள் முடிந்து நான் ரேடியோ போட்டேன். இவள் வந்து அணைத்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு வருடம் என்றாள். ஒரு வருடம் என்றால் தகப்பன், இல்லாவிட்டால் தாய். வேறு யாருக்கும் ஒரு வருடம் கிடையாது. மதியம் அம்மா என்று சத்தம் கேட்டது. அப்போது எனக்குக் காது கொஞ்சம் இருந்தது. என்னைக் கூப்பிடுகிறாள் என்று எழுந்து போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு உரியவள் உட்காருவதுபோல. நான் திரும்பி வந்துவிட்டேன். அவள் சொல்லாததை நான் எப்படிக் கேட்பது? துக்கக்காரி வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது. அதுதான் எங்கள் முறை."

நான் பீன்ஸ் நறுக்கத்தான் உட்கார்ந்தேன், எங்கள் ஊரில் தரையில் உட்கார்ந்துதான் நறுக்குவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றாள் ஓர்னா. "அன்று மாலையே வந்திருப்பேன். அடுத்த விமானத்தில் உன்னை ஏற்றி அனுப்பியிருப்பேன், பைத்தியக்காரி! நான் யாரென்று நினைத்தாய்?"

அவள் அழுதுவிட்டாள். கணக்கு ஆசிரியைதான், ஆனால் சட்டென்று கண்ணீர் வரும் சுபாவம். நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். எங்கள் சபையில் அப்படியொரு விதி இல்லை, இசை கேட்கலாம், எனக்காகக் காக்க வேண்டியதில்லை, மருத்துவர் ஏப்ரலில் என்ன சொன்னார் என்று நோட்டில் இருக்கிறது என்றெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். திர்சா அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் முப்பது நாள்தான், இவ்வளவு நாள் இருந்தாயிற்று என்றார். அந்த முப்பது நாளில் என்ன மிச்சமிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கடைசியில், "உன் அம்மாவுக்குப் பாட்டுப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

ஒரு வருடத்தில் முதல்முதலாக ஒருவர் என் அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்கிறார். பிடிக்கும் என்றேன். ஆனால் சுருதி சேராது என்றேன். கோயிலில் நான் பாடகர் குழுவில் முன்னால் நிற்பேன். அம்மா சபையின் முதல் வரிசையில், சரியாக என் முதுகுக்குப் பின்னால், அரைச் சுருதி விலகி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார். நான் திரும்பி முறைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் முறைத்தேன். கடைசியாக ஊரில் இருந்த ஞாயிறும் முறைத்தேன். அதற்கப்புறம் அன்று அம்மா வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் எதற்கு அவர்களிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, கேட்டார், சொன்னேன்.

திர்சா அம்மா என் வாயைக் கூர்ந்து பார்த்துக் கேட்டார். பிறகு, "அவளுக்கு அவ்வளவு பிடிக்குமென்றால், ஒரு வருடமாக நாம் ஏன் அவள் வாயைப் பொத்தி வைத்தோம்?" என்றார். "ஓர்னா, இறக்கு."

ஓர்னா இறக்கினாள். பழைய நான்கு தடத்திலேயே கால் பொருந்தும்படி வைத்தாள். ஏதோ பியானோ. திருகை முழுதும் திருப்பினாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திர்சா அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியை அருகில் இழுத்தார். இன்னும் இழுத்தார். பிறகு உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார், அவ்னரின் பாதத்தைப் பிடிப்பதுபோல. விரல் தட்டத் தொடங்கியது.

"கேட்கிறதா?" என்று ஓர்னா அவர் கண்முன் வாயசைத்தாள்.

"கீழ் சுரங்கள் வருகின்றன" என்றார். "மேலே உள்ளவை போய்விட்டன. பரவாயில்லை. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

விதியைப் படிப்பதில் நான் செய்த பிழை, அவ்வளவுதான். யாருக்கு எத்தனை நாள் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். இப்போது சிவப்பு மையில் திருத்திவிட்டேன். இந்த மூன்று வாரம் ஓர்னா வந்து திர்சா அம்மாவோடு இருக்கிறாள். நான் வந்தது வீட்டு ஓட்டைப் பார்க்க. மழைக்கு ஒழுகுகிறது என்று தம்பி சொன்னான். நாளை மறுநாள் என் அம்மா போய் ஒரு வருடம். அது தற்செயல், அந்தத் தேதிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. கல்லறைத் தோட்டம் போகிற வழியில்தான் இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்குவேன்.

கல்லைப் பற்றிச் சொல்லவில்லையே. அது மறுநாள் காலை.

மறுநாள் காலை ஓர்னா ஏழு பத்து ரயிலுக்குக் கிளம்பினாள்; அவளுக்கும் ஆண்டு முடிந்ததே, பாட்டுக் கேட்கக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். அதற்கு முன்பே, சரியாக ஆறு பத்துக்கு, மார்செல் துடைப்பக் கட்டையால் எங்கள் தரையை இடித்தார். மூன்று முறை. பிறகு மாடிப்படியில் நின்று, "நன்றி, கன்னியர்களே!" என்று கத்தினார். திர்சா அம்மா இசை முடிந்ததும், பல மாதங்களுக்குப் பிறகு தனியாகப் படியிறங்கி, முற்றத்துப் பைன் மரத்தடியில் தேடி இந்தக் கல்லைப் பொறுக்கி வந்து, கழுவி, என் நோட்டின்மேல் வைத்தார். பிறகு மறுபடியும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியில் கை வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். தன் குரல் தனக்கே கேட்காதவர். அரைச் சுருதி விலகி, மிகச் சத்தமாக, என் முதுகுக்குப் பின்னால்.

நான் அடுப்பில் முட்டை வேக வைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.